மொழிபெயர் தேயம்: பாரிசு நகரத்து உருசியப் புனைகதைகள்

1917ஆம் ஆண்டுப் புரட்சியாலும் அதனையடுத்த உள்நாட்டுப் போராலும் நாடு நீங்கிய உருசியர் பல்லாயிரவர் பாரிசு நகரை அடைந்தனர். அங்கு அவர்கள் தம் மொழியில் நாளிதழ் நடத்தினர், பதிப்பகங்கள் நிறுவினர், நூலகமும் கோயிலும் பேணினர். 'சவ்ரெமென்னிய ஸபீஸ்கி' என்ற பேரிதழ் மட்டும் 1920 முதல் 1940 வரை எழுபது தொகுதிகள் வெளிவந்தது. இவ்விருபது ஆண்டில் அந்நகரில் தோன்றிய உருசியப் புனைகதைகளைத் 'தாயகத்தை நினைந்து ஏங்கும் இலக்கியம்' என ஒரு தொடரால் குறித்து அமைவது திறனாய்வாளர் பலரின் வழக்கம். அக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் இழந்த நாட்டை நினைத்தல் வேறு. வந்தடைந்த நகரில் நாள்தோறும் வாழ்தல் வேறு. பின்னதைப் பற்றி இவ்விலக்கியம் கூறுவது யாது என வினவின், ஏக்கம் என்னும் விடை போதாது. யாம் கருதுமாறு அவ்வாழ்வின் நடுப்பொருள் மொழி. அதிலும் சிறப்பாக, வாயாற் பேசும் மொழியைவிடச் செவியில் வந்து விழும் மொழி. கய்த்தோ கஸ்தானோவ் இயற்றிய 'இரவுப் பாதைகள்' என்னும் நாவலே இதனை முற்ற உணர்ந்து எழுந்த நூல் என்பது எம் துணிபு. அந்நூலைப் படிப்போர் பலர்க்கு அதன் கதைசொல்லி ஈரமற்ற நெஞ்சினன் எனத் தோன்றுகிறது. அத்தோற்றம் எத்துணை உண்மை என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

நம் அகப்பாடல்களில் தலைவன் கடந்து செல்லும் வேற்று நிலத்தை மாமூலனார் முதலியோர் 'மொழிபெயர் தேயம்' என்று சுட்டுவர். மலையும் ஆறும் எல்லையாகக் கூறுதலினும் மொழி வேறுபடுதலையே எல்லையாகக் கூறியது நுண்ணிய நோக்கு. ஆயினும் அத்தேயத்தில் தலைவன் யாரோடு என்ன பேசினான், யார் சொல்லைக் கேட்டான் என்று அப்பாடல்கள் கூறுவதில்லை. கூற வேண்டிய தேவையும் அவற்றுக்கு இல்லை, அவன் மீள்பவன். மீளாதவன் நிலையைப் பாடும்போதுதான் அத்தேயத்தின் பேச்சு இலக்கியப் பொருளாகின்றது.

உருசியர் நிலையில் ஒரு முரண்பாடு முன்னரே அமைந்திருந்தது. பிரெஞ்சு அவர்க்கு, குறிப்பாக உயர்குடியினர்க்கு, அயன்மொழியே எனினும் அறியா மொழியன்று. டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' பிரெஞ்சுப் பேச்சோடு தொடங்குவதை அறிவோம். பிரெஞ்சுச் செவிலியரிடமும் ஆசிரியரிடமும் இளமையிலேயே அம்மொழியைக் கற்றல் பிரபுக்கள் இல்லத்து வழக்கம். ஆண்டு அங்கு அது வரவேற்பறையின் மொழி. வேலைக்காரர்க்கு விளங்கலாகாது என்று கருதியவற்றைப் பேசுதற்குரிய மொழி. அதே மொழி பாரிசில் காவலர் மொழியாகவும், தொழிற்சாலைக் கங்காணியின் மொழியாகவும், வீட்டு வாயிற்காப்பாளரின் மொழியாகவும் எதிர்ப்பட்டது. பெருமிதத்தின் அடையாளமாக இருந்தது அடையாளச் சீட்டுக் கேட்கும் குரலாக மாறிற்று. இம்மாற்றத்தை முதலில் கண்டு எழுதியவர் நகைச்சுவை எழுத்தாளராகிய தெஃபி அம்மையார் (1872–1952).

1920இல் அவர் எழுதிய 'கே ஃபேர்' என்னும் சிறு சித்திரம் நாடு நீங்கியோரிடையே பழமொழிபோற் பரவியது. அதில் முதியவராகிய உருசியத் தளபதி ஒருவர் பாரிசின் கோன்கார்து சதுக்கத்தில் நிற்கிறார். நாற்புறமும் நோக்கி, எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன என்று ஒப்புக்கொள்கிறார். பின்பு 'என்ன செய்வது' என்னும் பிரெஞ்சு வினாவை எழுப்புகிறார். ஒருமுறை பிரெஞ்சு முறைப்படி கேட்டவர், மறுமுறை சொற்களை முன்பின்னாக மாற்றி, பிரெஞ்சு வினைச்சொல்லின் பின்னே உருசிய இடைச்சொல் ஒன்றை ஒட்டி வைக்கிறார். அவ்விடைச்சொல் நம் மொழியின் தேற்றேகாரத்தை ஒத்தது. சொற்கள் பிரெஞ்சு, அவற்றைக் கோத்த நூல் உருசியம். இலக்கணம் கற்போர்க்கு இச்சிறு தொடர் நல்ல விருந்து. கடன் வாங்கிய சொல்லை உடையாக அணியலாம். ஆற்றாமை மிகும்போது வெளிப்படுவது தாய்மொழியின் இடைச்சொல்லே என்பதைத் தெஃபி விளக்கம் ஏதுமின்றிக் காட்டிவிடுகிறார். அவருடைய 'சிற்றூர்' என்னும் சித்திரமும் இத்தகையதே. பாரிசுக்குள் உருசியர் வாழ்ந்த தனி உலகத்தைச் சேன் ஆறு ஓடும் ஒரு சிற்றூராக அது வருணிக்கிறது. 'சேன்மேல்' என்பதும் 'வைக்கோல்மேல்' என்பதும் உருசிய ஒலியில் ஒன்றாதலின், 'வைக்கோல்மேற் கிடந்த நாய்' என்னும் பழமொழி அங்கு இருபொருள்பட வருகிறது. சிலேடை மொழிபெயர்ப்பில் இறந்துபடும். ஆகவேதான் தெஃபியைப் பிறமொழியிற் படிப்போர் அவரை வெறும் வேடிக்கை எழுத்தாளராகக் கருதி ஒதுக்கிவிடுகின்றனர்.

1933இல் நோபெல் பரிசு பெற்ற புனின் இத்துறையில் எதிர்முனையில் நிற்பவர். அவர் பிரான்சில் முப்பதாண்டுக்கு மேல் வாழ்ந்தும் பெரும்பாலும் உருசிய நிலத்தையே எழுதினார். விதிவிலக்காக அமைந்தது 1940இல் எழுதிய 'பாரிசில்' என்னும் சிறுகதை. மனைவியால் கைவிடப்பட்ட முன்னாள் தளபதி ஒருவரும், பாஸிப் பகுதியில் உள்ள சிறிய உருசிய உணவகத்திற் பணிபுரியும் பெண் ஒருத்தியும் அதில் ஒன்று சேர்கின்றனர். சில திங்களே கூடி வாழ்ந்தபின், சுரங்க இரயிலில் அமர்ந்தவாறே அவர் இறந்துவிடுகிறார். அவருடைய பழைய போர்க்கால மேலங்கியைக் கண்டு அவள் கதறுவதோடு கதை முடிகிறது. மிக உயர்ந்த கதை என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கதையில் பிரெஞ்சு எவ்வாறு இடம்பெறுகிறது என்று நோக்குக. தளபதி அவ்வப்போது கூறும் பிரெஞ்சுப் பழமொழிகளாகவே பெரிதும் இடம்பெறுகிறது. அவை இளமையிற் கற்ற வரவேற்பறைப் பிரெஞ்சு. வெளியே தெருவில் வழங்கும் பிரெஞ்சு அக்கதைக்குள் நுழையவில்லை. நகரம் அங்கு மழையும் விளக்கொளியும் மட்டுமே. இதனைக் குறையெனக் கூறுதல் முறையன்று. புனின் எடுத்துக்கொண்ட பொருள் தனிமை, அதற்கு மூடிய கதவு தேவைப்பட்டது.

நீனா பெர்பெரோவா (1901–1993) அக்கதவைச் சிறிது திறந்தார். 1928 முதல் அவர் நாளிதழில் வெளியிட்ட பியான்கூர்க் கதைகள் ரெனோ மோட்டார்த் தொழிற்சாலையைச் சுற்றி வாழ்ந்த உருசியத் தொழிலாளரைப் பற்றியவை. தளபதிகளும் கவிஞர்களும் நிரம்பிய இலக்கியத்தில் ஆலைத் தொழிலாளி தலைவனாதல் புதுமை. கதை சொல்பவனும் அவர்களுள் ஒருவனே. அவன் பேச்சில் எழுத்து நடையின் செம்மை இராது. உருசியர் தம் பேச்சில் காவலரைப் பிரெஞ்சுச் சொல்லாலும், அடையாளச் சீட்டைப் பிரெஞ்சுச் சொல்லாலும் குறித்து வந்தனர். அச்சொற்கள் உருசிய எழுத்தில் எழுதப்பட்டு உருசிய இலக்கணம் ஏற்றன. அலுவலகமும் சம்பளமும் காவல் நிலையமும் பற்றிய சொற்கள் முதலில் மாறுகின்றன; அன்பும் சினமும் பற்றியவை மாறாமல் நிற்கின்றன. இக்கதைகளை மொழிநூலார் இன்னும் நன்கு பயன்படுத்தல் வேண்டும்.

பிரெஞ்சிலேயே எழுதத் துணிந்தோரும் உளர். கீவ் நகரிற் பிறந்து, பாரிசில் எழுதி, 1942இல் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் மாண்ட ஐரீன் நெமிரோவ்ஸ்கி 1931இல் 'இலையுதிர் காலத்து ஈக்கள்' என்னும் குறுநாவலை வெளியிட்டார். கரீன் என்னும் குடும்பத்தைத் தலைமுறைகளாக வளர்த்த முதிய செவிலி தத்தியானா, அக்குடும்பத்தைத் தொடர்ந்து பாரிசு சேர்கிறாள். மற்றவர்கள் இரவும் பகலும் அலைந்து புதுவாழ்வு தேடுகின்றனர். அவளோ பனி பெய்யும் நாளை எதிர்நோக்கியிருக்கிறாள். பனி பெய்யவில்லை. இறுதியில் மூடுபனியிற் சேன் ஆற்றுக்குள் நடந்து மறைகிறாள். அம்முதியவளுக்கு நகரத்தின் மொழி ஓசை மட்டுமே. அவள் ஊமை நிலையை, அவளுக்கு விளங்காத அதே மொழியில் ஆசிரியர் எழுதியுள்ளார். அவள் நினைப்பதெல்லாம் பிழையற்ற பிரெஞ்சில் வருகின்றன. ஆகவே படிக்கும் பிரெஞ்சியர்க்கு அவள் துயரம் விளங்குகிறது. அவள் செவிடுபட்டு நிற்கும் நிலை மட்டும் விளங்குவதில்லை. எம் கருத்தில் இக்குறுநாவலின் ஒரே குறை இது. பிரெஞ்சைத் தேர்ந்ததற்கு ஆசிரியர் கொடுத்த விலை எனவும் கூறலாம். நெடுநாட்குப்பின் 1987இல் பாரிசிற் புகலிடம் பெற்ற அந்திரேய் மக்கீன் வேறொரு விலை கொடுத்தார். உருசியர் ஒருவர் நேரே பிரெஞ்சில் எழுதினார் என்பதைப் பதிப்பாளர் நம்பாமையால், தம் முதல் நாவலை உருசியத்திலிருந்து மொழிபெயர்த்ததாகக் காட்டி, இல்லாத ஒரு மொழிபெயர்ப்பாளர் பெயரோடு 1990இல் வெளியிட நேர்ந்தது. ஐந்தாண்டில் அவர்க்குக் கோன்கூர்ப் பரிசு கிடைத்தது. 2016இல் பிரெஞ்சுப் பேரவை தன் உறுப்பினராகத் தேர்ந்தது.

மீண்டும் இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்துக்கு வருவோம். கவிஞரும் திறனாய்வாளருமாகிய கொதசேவிச் 1933இல் 'நாடு கடந்த இலக்கியம்' என்னும் கட்டுரையை எழுதினார். ஓர் இலக்கியம் தன் நிலத்துக்கு வெளியே வாழ இயலாது என்பாரை அவர் மறுத்தார். இலக்கியத்தின் நாட்டுரிமை மொழியினாலும் உள்ளத்தினாலும் அமைவது என்றார். பாரிசு உருசியரின் இலக்கியம் நலிவதற்குக் காரணம் அது நாடு நீங்கியது அன்று. நாடு நீங்கியமையின் பொருளைத் தனக்கு உரியதாக்கிக் கொள்ளாமையே என்பது அவர் முடிபு. மூன்றாண்டு கழித்து, 1936இல், கஸ்தானோவ் இன்னும் கடுமையாக எழுதினார். இளைய தலைமுறையினர் இலக்கியம் என ஒன்று இல்லவே இல்லை. நபொக்கோவ் ஒருவரே விலக்கு என்றார். படிப்போர் இல்லை, நம்புதற்குரிய ஒழுக்க அடிப்படையும் சிதைந்தது என்பன அவர் காட்டிய காரணங்கள். மூத்தோர் சிலர் இதற்கு வெகுண்டு விடை எழுதினர். இல்லை என்று அவர் முடிவு கட்டிய இலக்கியத்துக்கு மிகச் சிறந்த சான்றினை, அக்கட்டுரைக்குப்பின் சில ஆண்டுக்குள் அவரே எழுதத் தொடங்கினார்.

கஸ்தானோவ் 1903இல் பீட்டர்ஸ்பர்க்கில் ஒசேத்தியக் குடியிற் பிறந்தவர். உருசியமே அவர் எழுத்துமொழி. பதினாறு அகவையில் வெண்படையிற் சேர்ந்து கவச இரயிலிற் போர் செய்தார். 1920இல் கிரிமியாவிலிருந்து கடல் கடந்தார். துருக்கியும் பல்கேரியாவும் கண்டு 1923இல் பாரிசு அடைந்தார். சுமை தூக்கினார், இரயில் எஞ்சின் கழுவினார், மோட்டார் ஆலையில் உழைத்தார், சொர்போனிலும் பயின்றார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுக்காலம் இரவில் வாடகைக் கார் ஓட்டியதே அவர் நிலையான தொழில். 1929இல் வெளிவந்த முதல் நாவல் 'கிளேருடன் ஒரு மாலை' அவர்க்குப் புகழ் தந்தது. கார்க்கி அதனைப் பாராட்டினார். அந்நூலில் தலைவன் இளமையில் உருசியாவிற் சந்தித்த பிரெஞ்சு மங்கை கிளேர். போரையும் கடலையும் கடந்து அவளை அவன் பாரிசில் மீண்டும் அடைகிறான். அங்கு பிரெஞ்சு, விருப்பத்தின் மொழி. பாரிசே அவள் பெயராகத் தோன்றுகிறது.

'இரவுப் பாதைகள்' இதற்கு நேர்மாறானது. 1939இல் இதழில் வெளிவரத் தொடங்கிய இந்நூல், போரினால் இதழ் நின்றுவிட, 1952இல் நியூயார்க்கில் முழுநூலாக வந்தது. நள்ளிரவில் ஆளரவமற்ற புனித அகுஸ்தீன் சதுக்கத்தில், நடக்கவியலாதார் ஏறிச்செல்லும் சிறு வண்டியில் தனியே போகும் ஒரு கிழவியைக் கதைசொல்லி காண்பதோடு நூல் தொடங்குகிறது. அவனுக்குப் பெயர் கூறப்படவில்லை. அவன் கார் ஓட்டுநன். பயணிகள் பின்னிருக்கையில் அமர்ந்து, முன்னே ஒருவன் இருப்பதை மறந்து பேசுகின்றனர், தமக்குள் சண்டையிடுகின்றனர், உடன்படிக்கை செய்கின்றனர், அழுகின்றனர். அவன் அயலான், கூலிக்காரன், விடிந்தால் மறுமுறை காணப்படாதவன். அதனால் அவன்முன் நாணம் தேவையில்லை. அவனோ ஒவ்வொரு சொல்லையும் உணர்கிறான். பாரிசின் கொச்சை வழக்கும் அவனுக்குத் தெரியும். ஏட்டுப் பிரெஞ்சும் தெரியும். வேலைக்கிடையே புகைவண்டி நிலையத்தின் எதிரிலுள்ள இரவுக் கடையில், குடியர் நடுவே நின்று பால் அருந்துகிறான். அந்தப் பாற்கிண்ணத்தை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. கூட்டத்தோடு நின்று கூட்டத்திற் கலவாதவன் என்பதற்கு அதனைவிடச் சிறந்த குறிப்பு வேண்டுவதில்லை.

புனினின் தளபதிக்கு நகரத்தின் பேச்சு தேவையில்லை; நெமிரோவ்ஸ்கியின் செவிலிக்கு அது விளங்கவில்லை. கஸ்தானோவின் ஓட்டுநனுக்கு அது வேண்டியதினும் மிகுதியாக விளங்குகிறது. மொழி அறியாமையே அயலானின் துன்பம் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். மொழியை நிறைய அறிந்தும் அம்மொழியிற் பேச்சுக்குரியவனாக மதிக்கப்படாமை வேறொரு துன்பம். முன்னையதற்குக் காலமும் பயிற்சியும் மருந்தாகும். பின்னையதைப் பயிற்சி வளர்க்கவே செய்யும்.

இந்நோக்கில் அவன் நெஞ்சின் ஈரமின்மையைப் பார்ப்போம். இரவு மக்களாகிய பரத்தையர், தரகர், குடியர் ஆகியோரைப் பற்றி அவன் வெறுப்போடு பேசும் இடங்கள் பல. சில இடங்களில் அவ்வெறுப்பு அளவிறந்து, மனிதரை விலங்கினத்தோடு ஒப்பிடும் அளவுக்குச் செல்கிறது. அவ்விடங்களை நாம் காக்க வேண்டுவதில்லை. அவை நூலின் வடுக்களே. ஆனால் ஷான் ரால்டி என்னும் மூதாட்டியை நோக்குக. ஒருகாலத்தில் பாரிசு முழுதும் பெயர்பெற்ற கணிகை அவள். இப்போது முதுமையிலும் வறுமையிலும் தெருவில் நிற்பவள். அவள் பேச்சு மட்டும் பழைய மேன்மை குன்றாதது. பிளாட்டோன் என்று அழைக்கப்படும் கற்றறிந்த குடியரும் அத்தகையர். அறிவு சிறிது சிறிதாகக் கலங்கி வருபவர். இவ்விருவரோடும் கதைசொல்லி மணிக்கணக்கில் உரையாடுகிறான். காரணம் இரக்கம் மட்டுமன்று. நகரம் முழுவதிலும் அவனைப் பார்த்துப் பேசுவோர் இவர்களே. மற்றையோர் அவன் இருக்கும்போது பேசுகின்றனர். இவர்கள் அவனிடம் பேசுகின்றனர். இவ்வேறுபாட்டை உணர்ந்தபின், அவன் வெறுப்பு பெரும்பாலும் யாரை நோக்கி எழுகிறது என்பது தெளிவாகும். ரால்டி இறக்கும் பகுதியில் நூலின் நடை மாறுவதும் இதனால்தான். பிரெஞ்சியப் பெண் ஒருத்தியின் முடிவு, நாடிழந்தான் ஒருவனுக்குத் தன்னோடு பேசிய வாய் ஒன்றன் முடிவாகின்றது.

இனி, ஃபெதோர்ச்சென்கோவின் கிளைக்கதை. இவனும் உருசியனே, எளிய உள்ளத்தினன். சூசான் என்னும் பொற்பல் கட்டிய பிரெஞ்சுப் பரத்தையை விரும்பி மணந்து, பிரான்சில் வேரூன்ற முயல்கிறான். நாட்டோடு ஒன்றிய அயலானின் வெற்றிக் கதையாக இது வளரும் என்று நாம் எதிர்பார்ப்போம். நிகழ்வது வேறு. வசீலியெவ் என்னும் சித்தம் திரிந்த உருசியன் ஒருவனின் பழக்கம் ஏற்படுகிறது. அவனுடைய அச்சங்களும், வாழ்வதன் நோக்கம் யாது என்னும் ஓயாத வினாவும் ஃபெதோர்ச்சென்கோவைப் பற்றிக்கொள்கின்றன. அவ்வினாவைச் சூசானிடம் அவனால் கேட்க முடியவில்லை. கேட்டாலும் அவளுக்கு அது வினாவாகத் தோன்றுவதில்லை. இறுதியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறான். இதனை உருசிய உள்ளத்தின் இயல்பான துயரம் என விளக்குவார் உளர். அது சோம்பலான விளக்கம். அவன் பிரெஞ்சில் வாங்கவும் விற்கவும் மணக்கவும் கற்றான். ஐயுறுதற்குரிய மொழி அவனிடம் உருசியமாகவே தங்கிவிட்டது. அம்மொழியில் அவனுக்கு வாய்த்த துணை ஒரு பித்தன். தெஃபியின் தளபதி சதுக்கத்தில் நின்று கேட்ட அதே வினா இங்கும் எழுகிறது. இருபதாண்டு இடைவெளியில் அதன் நகைச்சுவை முற்றும் உலர்ந்துவிட்டது.

நூலின் உரையாடல்களைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். பாத்திரங்கள் பெரும்பாலும் பேசுவது பிரெஞ்சு. நூலில் நாம் படிப்பது உருசியம். ஆகவே இந்நாவல் பிறந்தபோதே ஒரு மொழிபெயர்ப்பு. கதைசொல்லி ஒவ்வொரு வாக்கியத்தையும் செவியில் ஒரு மொழியாக ஏற்றுக் கையில் வேறு மொழியாக இறக்குகிறான். பயணியை ஓரிடத்தில் ஏற்றி வேறிடத்தில் இறக்குவதுபோல. ஆங்கிலத்திற் படிப்போர்க்கு இவ்விரண்டு மொழியும் ஒன்றாகிவிடுதலின், ஓட்டுநனுக்கும் பின்னிருக்கைக்கும் இடையே உள்ள கண்ணாடி புலப்படுவதில்லை. அவனை மனிதரை இகழும் வறட்டு மெய்யியலான் என்று கூறும் மதிப்புரைகளுட் சில இக்காரணத்தாலேயே எழுந்தன போலும்.

கொதசேவிச் 1939இல் மறைந்தார். தாம் வேண்டிய நூலை முழுதாகக் காண அவர்க்கு வாய்க்கவில்லை. நூலிற் பேசிய பாரிசு மக்களும் அதனைப் படிக்க இயலவில்லை; ஆசிரியர் 1971இல் இறந்து நெடுநாள் சென்ற பின்னரே அது பிரெஞ்சில் வந்தது. சோவியத் நாட்டிலும் அவர் எழுத்துக்கள் 1980களின் இறுதி வரை அச்சேறவில்லை. கஸ்தானோவ் 1953இல் காரை விட்டு, மியூனிக் நகரில் 'விடுதலை' என்னும் பெயர் பெற்ற உருசிய வானொலிப் பணியிற் சேர்ந்தார். அங்கு ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து, தாம் முப்பதாண்டாகக் காணாத நாட்டினர்க்கு, செர்காசொவ் என்னும் வேறொரு பெயரில் உருசிய இலக்கியத்தைப் பற்றிப் பேசிவந்தார்.